பலவீனமான இதயத்துக்கு ஒரு படிக்கட்டுக் கணக்கு

தெமட்டகொடையில் இன்று பலருக்கு வீடு என்றால் மாடிதான். கால்வாய்க் கரையிலும் ரயில் பாதை ஓரத்திலும் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, நகர அபிவிருத்தி அதிகாரசபை எழுப்பிய தொடர்மாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. மிஹிந்துசென்புர போன்ற கட்டடங்களில் மின்தூக்கி ஓடும்வரை கவலையில்லை. அது நின்ற நாளில் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் உடம்பின் பலத்தை அறிந்துகொள்கிறார்கள். அவர்களில் இதயச் செயலிழப்பு உள்ளவர் ஒருவர் இருந்தால், அவருக்கு அந்தப் படிக்கட்டு ஒரு பரீட்சை.

"மாடி ஏறலாமா டொக்டர்?" கிளினிக்கில் இந்த நோயாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. "பாரமான வேலை செய்யாதீங்க, ஓய்வா இருங்க" என்று பதில் வந்தால், வீட்டார் அதை இன்னும் இறுக்கிவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலைக்கூட மகள் எடுத்துக் கொடுப்பாள். கடைக்குப் பேரன் போவான். அப்பா கதிரையில் இருப்பார். அன்பினால் செய்யப்படும் இந்த ஏற்பாடு, சில மாதங்களில் அவரைக் கதிரையிலிருந்து எழும்ப முடியாதவராக ஆக்கிவிடக்கூடும். நோய் நிலையாக இருக்கும் ஒருவருக்கு, அளந்து கொடுக்கப்பட்ட உடற்பயிற்சியும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று கடந்த 35 ஆண்டு ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் பயிற்சியை வைத்தியசாலைக்கு வராமலே, தொலைபேசியின் மறுமுனையில் இருக்கும் ஒருவரின் வழிகாட்டலில் வீட்டிலேயே செய்யலாம் என்பது அந்த ஆய்வுகளின் அடுத்த கட்டம்.

இதயச் செயலிழப்பில் இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் உடம்பு கேட்கும் அளவு குருதியை அதனால் அனுப்ப முடிவதில்லை. அல்லது அனுப்புவதற்காக உள்ளறைகளில் அளவு மீறிய அமுக்கத்தைத் தாங்கவேண்டியிருக்கிறது. பழைய மாரடைப்பு, ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்ட பிரஷர், சீனி வருத்தம், வால்வுக் கோளாறு என்று காரணங்கள் பல. நுரையீரலில் நீர் தேங்கினால் மூச்சு வாங்கும். காலில் தேங்கினால் வீங்கும். நம் பகுதியில் இது முதியோரின் நோய் மட்டுமன்று. 2013இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 வைத்தியசாலைகளில் இந்நோயுடன் அனுமதிக்கப்பட்ட 1,205 பேரை ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவகத்தின் வைத்தியர்கள் பதிவுசெய்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. மேற்கு நாடுகளில் இந்நோயாளர் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். கேரளத்து நோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். உழைக்கும் வயதிலேயே பிடிக்கும் நோய் என்பதால், ஒருவர் மறுபடி எவ்வளவு நடக்கிறார் என்பது அவர் குடும்பத்தின் வருமானத்தையும் தொடுகிறது.

கட்டிலின் விலை

ஒரு காலத்தில் கட்டில்தான் சிகிச்சையாக இருந்தது. 1960களில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஜோர்ஜ் பேர்ச் என்ற புகழ்பெற்ற இதய வைத்தியர், வீங்கிய இதயம் உள்ளவர்களை மாதக்கணக்கில் படுக்கையில் வைத்து வைத்தியம் பார்த்தார். வேலை குறைந்தால் இதயம் தேறும் என்பது அவருடைய தர்க்கம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது.

அந்தப் படுக்கைக்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதை 1966இல் டலஸ் நகரில் நடந்த ஒரு சோதனை காட்டியது. இருபது வயதுடைய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலில் கிடத்தினார்கள். எழும்பியபோது, உடம்பு உச்ச முயற்சியில் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் அளவு கால்வாசிக்கு மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகமாக இருந்தது. நல்ல இதயம் உள்ள இளைஞனுக்கே இந்தக் கதி என்றால், ஏற்கெனவே பலவீனமான ஒருவருக்கு ஓய்வு எவ்வளவு கொடிது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எதிர்த் திசையில் முதல் அடிகளை வைத்தவர்களுள் ஒருவர் அன்ட்ரூ கோட்ஸ். ஒக்ஸ்ஃபோர்டில் அவரும் சகாக்களும், மாரடைப்பினால் இதயம் பலவீனமான 11 பேருக்கு எட்டு வாரம் சைக்கிள் பயிற்சி கொடுத்து, 1990இல் முடிவை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். அந்தச் சைக்கிள்கள் வைத்தியசாலையில் இருக்கவில்லை. நோயாளரின் வீடுகளில் இருந்தன. நவீன இதயச் செயலிழப்புப் பயிற்சியின் தொடக்க ஆய்வுகளில் ஒன்றே வீட்டுப் பயிற்சியாக இருந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி. எட்டு வாரத்தில் அவர்களின் உச்ச ஒட்சிசன் பயன்பாடு, உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 14.3 மில்லிலீற்றரிலிருந்து 16.7 ஆக உயர்ந்தது.

இரண்டரை மில்லிலீற்றர் என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். இங்கேதான் படிக்கட்டுக் கணக்கு வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு ஏறத்தாழ 3.5 மில்லிலீற்றர் பயன்படுத்துகிறது. மெதுவாகப் படி ஏறுவதற்கு அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது சுமார் 14 மில்லிலீற்றர் வேண்டும். உச்சமே 14.3 என்றால், மெதுவாகப் படி ஏறும்போதே உடம்பின் முழுக் கொள்ளளவில் 98 சதவீதம் செலவாகிறது. ஒரு மாடி ஏறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அதுவே காரணம். உச்சம் 16.7 ஆனால், அதே படிக்கட்டுக்கு 84 சதவீதம் போதும். கொஞ்சம் இருப்பு மிஞ்சுகிறது. நின்று மூச்சு எடுத்து அடுத்த மாடிக்குப் போகலாம். குளித்தல், உடுப்புக் கழுவுதல், பஸ்ஸில் ஏறுதல் எல்லாவற்றிலும் இந்த இருப்பு வேலை செய்கிறது.

தேறுவது எது?

பயிற்சியால் இதயம் பழையபடி வலுவாகிவிட்டது என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் நடப்பது வேறு. எக்கோ சோதனையில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் சதவீதத்தைப் பார்க்கிறார்கள். அந்த எண்ணுக்கும் ஒருவர் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதற்கும் உள்ள உறவு வியக்கத்தக்க அளவு பலவீனமானது. 20 சதவீதத்துடன் சந்தைக்குப் போய்வருபவரும் உண்டு. 40 சதவீதத்துடன் கட்டிலில் கிடப்பவரும் உண்டு. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்கள்கூட, புது இதயம் கிடைத்த மறுவாரமே ஓடத் தொடங்குவதில்லை. உடம்பு தேற மாதங்கள் பிடிக்கின்றன.

இந்தப் புதிருக்கு விடை கால்களில் இருக்கிறது. நீண்ட நாள் இதயச் செயலிழப்பில் எலும்புத் தசைகள் மெலிகின்றன. களைக்காமல் நெடுநேரம் உழைக்கும் தசைநார்கள் குறைகின்றன. சட்டென்று சோர்ந்துபோகும் நார்களின் பங்கு கூடுகிறது. ஒட்சிசனைச் சக்தியாக்கும் இழைமணிகளும், குருதியைத் தசைக்குள் கொண்டுசெல்லும் மயிர்க்குழாய்களும் குறைகின்றன. அப்படி நலிந்த தசை சிறு வேலைக்கே அபாயச் சமிக்ஞைகளை மூளைக்கு அனுப்புகிறது. மூளை மூச்சை வேகப்படுத்துகிறது, குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. சுருங்கிய குழாய்களுக்குள் குருதியைத் தள்ளப் பலவீனமான இதயம் இன்னும் சிரமப்படுகிறது. ஓய்வு இந்தச் சுழலை வேகப்படுத்தும். பயிற்சி அதைப் பின்னோக்கிச் சுற்றும். தொடர்மாடியின் தண்ணீர் மோட்டரை நினைத்துப் பாருங்கள். மோட்டர் அதே பழைய மோட்டர்தான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அடைத்துக் கிடந்த குழாயைத் துப்புரவு செய்து, வந்த நீரை வீணாக்காமல் பிடிக்கப் பழகிவிட்டால் எல்லா வீட்டுக்கும் போதுமானது கிடைக்கும்.

ஆறு முதல் இருபது வரை

உடற்பயிற்சியும் மருந்து என்றால், அதற்கும் அளவு உண்டு. இங்கே கைக்கடிகாரங்களும் செயலிகளும் வழக்கமாகச் சறுக்குகின்றன. 220இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் இத்தனை சதவீத நாடித்துடிப்பில் நட என்று சொல்லும் சூத்திரம் ஆரோக்கியமானவர்களை வைத்து உருவானது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் பெரும்பாலோர் பிசோப்ரொலோல், கார்விடிலோல் போன்ற குளிசைகள் எடுக்கிறார்கள். துடிப்பை மெதுவாக்குவதே அவற்றின் வேலை. அறுபது வயதுக்காரரைக் கடிகாரம் 130ஐ எட்டச் சொல்லும்; மருந்தும் நோயும் சேர்ந்து அவர் துடிப்பை 100க்கு மேல் விடாமல் பிடித்துவைத்திருக்கும். கடிகாரத்தைத் திருப்திப்படுத்த முயன்றால் அவர் ஆபத்தான அளவுக்கு முக்கவேண்டியிருக்கும். துடிப்பு ஒழுங்கற்றிருப்பவர்களுக்கு அந்த எண்ணே நம்பத்தகாதது.

அதனால் வைத்தியர்கள் மூன்று அளவுகளை நாடுகிறார்கள். வசதி இருந்தால், மூச்சுக் காற்றை அளக்கும் முகமூடியுடன் சைக்கிள் சோதனை. இல்லாவிட்டால் ஆறு நிமிட நடைச் சோதனை. இதற்கு 30 மீற்றர் நடைபாதையும் கடிகாரமும் போதும். ஆறு நிமிடத்தில் எத்தனை மீற்றர் நடந்தார் என்பதே முடிவு. மூன்றாவது, சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய உழைப்பு மானி. 6 என்றால் எந்த முயற்சியும் இல்லை. 20 என்றால் இனி முடியாது. பயிற்சியை வழக்கமாக 11க்கும் 14க்கும் இடையில், இலேசானதற்கும் ஓரளவு கடினமானதற்கும் நடுவே வைக்கிறார்கள். எண் பிடிக்காதவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவருடன் பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது.

ஆளுக்கு ஏற்ப அளப்பது எவ்வளவு கடினம் என்பதை ஐரோப்பாவில் 261 பேரை வைத்து நடந்து, 2017இல் வெளிவந்த ஸ்மார்ட்டெக்ஸ் ஆய்வு காட்டுகிறது. ஒரு குழுவுக்குக் கடும் இடைவெளிப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு மிதமான தொடர்ப் பயிற்சி என்று திட்டமிட்டார்கள். கடும் குழுவில் பாதிப் பேர் சொன்ன அளவுக்குக் கீழேயே பயிற்சி செய்தார்கள். மிதக் குழுவில் பத்தில் எட்டுப் பேர் சொன்ன அளவைத் தாண்டினார்கள். இரண்டு குழுக்களுக்கும் கிடைத்த பலன் ஏறத்தாழ ஒன்றாகவே முடிந்தது. காகிதத்தில் எழுதிக்கொடுத்த அளவும் உடம்பு செய்த அளவும் வேறுபட்டது கூடவே பயிற்றுநர்கள் நின்ற இடத்திலேயே நடந்தது. தனியாக வீட்டில் செய்பவரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

தொலைவிலிருந்து கவனித்தல்

இதயச் செயலிழப்புப் பயிற்சி ஆய்வுகளில் மிகப் பெரியது எச்.எஃப்-ஆக்ஷன். அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளின் 82 மையங்களில் 2,331 பேர் பங்கேற்று, 2009இல் முடிவு வந்தது. முதலில் 36 தடவை மையத்தில் பயிற்சி; பிறகு வீட்டில் சைக்கிள் அல்லது நடை இயந்திரத்தில். பயிற்சி பாதுகாப்பானது என்பதும் வாழ்க்கைத் தரம் உயர்கிறது என்பதும் உறுதியாயின. ஆனால் இறப்பையும் வைத்தியசாலை அனுமதியையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு சிறிதாகவே இருந்தது; நோயின் தீவிரத்தைச் சரிக்கட்டிக் கணக்கிட்ட பிறகுதான் அது புள்ளிவிபர முக்கியத்துவம் பெற்றது. வீட்டில் வாரத்துக்கு 120 நிமிடம் என்பது இலக்கு. ஓராண்டு நெருங்கும்போது நோயாளரில் பாதிப் பேர் செய்தது 74 நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சி என்ற மருந்தின் அளவு மெல்ல மெல்லப் பாதியை நோக்கிச் சரிந்திருந்தது.

இந்தச் சரிவைத்தான் தொலைப் பயிற்சி தடுக்க முனைகிறது. போலந்தில் ஏவா பியோத்ரோவிச் தலைமையில் 850 பேருடன் நடந்து, 2020இல் வெளியான டெலிரே-எச்.எஃப் ஆய்வில், ஒரு வாரம் வைத்தியசாலையில் பழக்கிவிட்டு எட்டு வாரம் வீட்டில் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் நோயாளர் முதலில் தன் நிலை, நிறை, குருதியமுக்கம், எடுத்த மருந்து பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கையடக்கத் தொலைபேசி வழியே இதய மின்பதிவு ஒன்றை அனுப்பவேண்டும். மையத்தில் இருப்பவர் பார்த்து அனுமதித்த பிறகே பயிற்சி. எப்போது நடக்கவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று கருவி ஒலியாலும் ஒளியாலும் சொல்லும். பெரும்பாலோர் பயிற்சியை விடாமல் செய்து முடித்தார்கள். உடற்திறனும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தன. ஆனால் பின்வந்த மாதங்களில் வைத்தியசாலைக்கு வெளியே உயிருடன் கழித்த நாட்களில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு இருக்கவில்லை. ஒன்பது வாரப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் காக்காது.

அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் செய்த ஏற்பாடு எளிமையானது. 53 நோயாளரில் ஒரு பகுதியினர் வைத்தியசாலைக்கு வந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தே காணொளி அழைப்பில் சிறு குழுவாகப் பயிற்சி செய்தார்கள். பன்னிரண்டு வாரத்தின் பின் நடை தூரத்தில் வேறுபாடு இல்லை. பயிற்சிக்கு ஒழுங்காக வந்தவர்கள் வீட்டுக் குழுவினரே. நம் பக்கத்தில், புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் வழக்கமான மருந்துகளோடு 12 வார யோகாசனப் பயிற்சியைச் சேர்த்துப் பார்த்து, ஓய்வுநிலை நாடித்துடிப்பும் குருதியமுக்கமும் குறைந்ததை 2014இல் பதிவுசெய்தார்கள். எல்லா ஆய்வுகளையும் சேர்த்து எடைபோட்ட 2019ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு சொல்வது இது: பயிற்சி வைத்தியசாலை அனுமதிகளைக் குறைக்கிறது, வாழ்க்கைத் தரத்தை உயர்த்துகிறது, ஓராண்டு அளவில் ஆயுளை நீட்டுவதற்குச் சான்று இல்லை.

போலந்தின் விலை உயர்ந்த கருவியும் பிரிஸ்பேனின் சாதாரண காணொளியும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. மறுமுனையில், பெயர் தெரிந்த ஒரு மனிதர் இருக்கிறார். இன்றைய அளவைத் தீர்மானிப்பவரும், வாராவாரம் அதைக் கூட்டிக் குறைப்பவரும் அவர்தான். தொலைப் பயிற்சியின் உயிர் அவரில் இருக்கிறது.

தெமட்டகொடைக்கு என்ன வேண்டும்?

கொழும்பு தேசிய வைத்தியசாலை தெமட்டகொடையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போவதென்றால் மூன்று நாள் ஓட்டோக் காசு, கூடவரும் மகனின் மூன்று அரைநாள் சம்பளம், பேஸ்லைன் வீதியின் நெரிசல். 2022இல் எரிபொருள் வரிசைகள் நகரையே முடக்கியபோது, ஒரு கிளினிக் நாளுக்குப் போவதே பலருக்குப் பெரும்பாடாகிவிட்டது. தொலைவிலிருந்து கவனிப்பதும் இந்நாட்டுக்குப் புதிதில்லை. 2020 ஊரடங்கின்போது கிளினிக் நோயாளரின் மருந்துகள் தபால் மூலம் வீடுகளுக்குப் போயின. 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, அவசரம் என்றால் அழைக்க ஓர் இலக்கத்தை எல்லோர் மனதிலும் பதித்துவிட்டது. வீட்டுப் பயிற்சிக்கு அந்த இலக்கமும் ஒரு பாதுகாப்பு.

தேவையான பொருட்கள் சில: கைபிடி இல்லாத உறுதியான கதிரை, நிறை பார்க்கும் தராசு, பிரஷர் பார்க்கும் கருவி, ஒரு கொப்பி, ஒரு தொலைபேசி. பலவீனமானவர் 5 முதல் 10 நிமிட நடையுடன், மாடி வராந்தாவிலேயே தொடங்கலாம். வெயில் ஏறமுதல் அல்லது பொழுது சாய்ந்த பிறகு நடப்பது நல்லது. தண்ணீர் போகும் குளிசை எடுப்பவர் கொழும்பின் புழுக்கத்தில் நடுப்பகல் நடந்தால் பிரஷர் இறங்கித் தலைசுற்றும். வாகனப் புகை மண்டும் வீதியோரத்தைவிட வராந்தாவே மேல். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி உட்காருவது தொடைத் தசைக்கு. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவது கைகளுக்கு. அதைச் செய்யும்போது மூச்சை அடக்கக் கூடாது. படிக்கட்டு கடைசியாக வரும்: முதல் வாரங்களில் சில படிகள், பிறகு அரை மாடி, பிறகு ஒரு மாடி.

அழைப்பு இப்படி இருக்கலாம். "அம்மா, காலையில நிறை பார்த்தீங்களா? கால் வீக்கம் எப்படி? ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுத்தீங்க? நேற்று நடந்தது போர்க் கணக்கில எத்தனை? பதினொன்றா? அப்ப இந்த வாரம் ரெண்டு நிமிஷம் கூட்டுவம்." ஐந்து நிமிடம் போதும். அதை நோயாளரின் மொழியில் பேசுவது முக்கியம். தமிழ் பேசும் ஊழியர் எல்லாக் கிளினிக்கிலும் இல்லை. ஆனால் தொலைபேசி என்றால் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் இயன்மருத்துவர் ஒருவரும் தெமட்டகொடை அம்மாவை வழிநடத்தலாம். உலகெங்கும் இதயப் புனர்வாழ்வுக்குப் பெண்கள் குறைவாகவே வருகிறார்கள். சமையலுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவே, வீட்டைவிட்டுப் போகாமல் செய்யக்கூடிய பயிற்சி அவர்களுக்கு ஒரு வழி திறக்கும்.

எல்லைகளும் உண்டு. நோய் நிலைப்படாதவர், வால்வு கடுமையாகச் சுருங்கியவர், கட்டுப்படாத துடிப்புக் கோளாறு உள்ளவர் தொடங்கக் கூடாது. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் நிறை கூடினால், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், வீக்கம் ஏறினால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரை நாடவேண்டும். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் 1990ஐ அழைக்கவேண்டும். பயிற்சி எந்தக் குளிசைக்கும் பதிலாகாது.

இதயச் செயலிழப்பு உள்ளவரும் வீட்டாரும் அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போகலாம். என் இதயம் இப்போது பயிற்சி தொடங்கும் அளவுக்கு நிலையாக இருக்கிறதா? எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள், எந்த அளவு கடினத்தில் தொடங்கவேண்டும்? அளவைக் கூட்டவும் குறைக்கவும் நான் யாருடன் பேசவேண்டும்? முதல் இரண்டுக்கும் பல வைத்தியர்கள் அன்றே பதில் சொல்வார்கள். மூன்றாவதற்குப் பெரும்பாலும் பதில் இராது. ஒவ்வொரு இதய கிளினிக்கிலும் அந்த அழைப்புக்கென ஒரு தாதியோ இயன்மருத்துவரோ நியமிக்கப்படும்வரை, எவ்வளவு நல்ல செயலியும் கடிகாரமும் வந்தாலும் இந்தச் சிகிச்சை தெமட்டகொடைக்கு வந்ததாகச் சொல்ல முடியாது.